கணினியில் வைரஸ் என்று பெட்டி பெட்டியாக வருகிறது, பணம் கேட்கிறது. ஃபார்மட்தான் வழியா?

கோரையாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் கிராமம். வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டாப், நாலாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 10. நான் பி.எட். படிக்கிறேன், என் பாடக்குறிப்புகள் எல்லாம் இதில்தான். அப்பாவின் சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீட்டு ரசீது, ஊர்க் கோயில் திருவிழா வரவு செலவு எல்லாமும் இதில்தான். அக்கா கல்யாணப் போட்டோ வேறு எங்கேயும் இல்லை.

சம்பா அறுத்து நெல் களத்தில் கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் போடச் சிட்டா நகல் வேண்டும் என்று அப்பா கூகுளில் தேடியிருக்கிறார். ஏதோ ஒரு பக்கம் திறந்து, 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலவ் அழுத்தவும்' என்று கேட்டதாம். அழுத்திவிட்டார். சிட்டா வரவில்லை. அன்றிலிருந்து வலது பக்கம் கீழ் மூலையில் சிவப்புப் பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. 'உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதி ஆகிவிட்டது', '13 வைரஸ்கள்' என்றெல்லாம் ஆங்கிலத்தில். மேலே பெரிய கம்பெனி ஒன்றின் முத்திரை. அந்த ஆன்டிவைரஸை நாங்கள் வாங்கியதே கிடையாது.

அது போதாதென்று, கணினியைப் போட்டதும் கிளீனர் என்று ஒரு புரோகிராம் தானே திறந்து தானே ஸ்கேன் செய்கிறது. ஆயிரத்துச் சொச்சம் கோளாறு என்கிறது, சரிசெய்ய ரூ.2,499 கேட்கிறது. நேற்றைக்குத் திரை முழுக்க நீலமாகி, பீப் பீப் என்று சத்தம், கூடவே ஒரு பெண் குரல். 'கணினியை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.' அப்பா பேசியிருக்கிறார். எதிரில் இந்தி. 'தமிழ் தெரிஞ்ச ஆளக் குடுய்யா' என்று இவர் போட்ட சத்தத்தில் அவனே வைத்துவிட்டான்.

டவுனில் ஒரு கடையில் கேட்டோம். ஃபார்மட் பண்ண ரூ.700, உள்ளே இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். வேறு வழி உண்டா? அந்த ரூ.2,499 கட்டினால் போய்விடுமா என்று அப்பா கேட்கிறார்.

குடமுருட்டி:

ஃபார்மட் அடிச்சு விடுங்க, நிம்மதி. போட்டோவை மட்டும் பென் டிரைவில் ஏத்திக்குங்க. இதையெல்லாம் நோண்டிக்கிட்டு இருந்தா பொழுதுதான் போகும்.

பாமணியாறு:

தங்கச்சி, கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம். பணமும் கட்ட வேண்டாம். மன்னார்குடியில் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன், என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொண்டு சொல்கிறேன். குடமுருட்டி சொல்வதில் போட்டோ விஷயம் மட்டும் சரி. முதலில் அதைச் செய்துவிடுங்கள். போட்டோ, வேர்டு, எக்செல், பிடிஎஃப் இவற்றை மட்டும் பென் டிரைவில் எடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் செட்டப் கோப்பு எதையும் கூடவே அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே வைரஸ் இல்லை. மூன்று தனித்தனி ஏமாற்று வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. மூலையில் வரும் பெட்டி ஒன்று, பீப் அடித்த நீலத் திரை ஒன்று, தானே திறக்கும் கிளீனர் ஒன்று. இதில் கணினிக்குள் உட்கார்ந்திருப்பது கடைசி ஆள் மட்டும்தான்.

மூலைப் பெட்டியில் பெரிய எழுத்தைப் படிக்காதீர்கள், சின்ன எழுத்தைப் படியுங்கள். எங்காவது ஒரு வாயில் நுழையாத இணையதளப் பெயர் இருக்கும். அதுதான் அப்பா அலவ் கொடுத்த தளம். செய்தித்தளங்கள் தலைப்புச் செய்தி அனுப்ப பிரவுசரில் நோட்டிஃபிகேஷன் என்று ஒரு வசதி இருக்கிறதல்லவா, அதையேதான் இவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதனால் எந்த ஆன்டிவைரஸ் ஓட்டினாலும் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. பிடிக்க அங்கே கோப்பே இல்லை. குரோமில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கீழே இருக்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று புள்ளி, அதை அழுத்தி பிளாக் கொடுங்கள். ரிமூவ் கொடுத்தால் அடுத்த முறை அதே தளம் மறுபடி கேட்கும், பிளாக் கொடுத்தால் கேட்காது. அதே பக்கத்தில் எந்தத் தளமும் இனி அனுமதி கேட்கவே கூடாது என்று வைக்கவும் வழி உண்டு. அப்பாவுக்கு அதை வைத்துவிடுங்கள். குரோமை மூடிய பிறகும் பெட்டி வந்ததா? வந்தால் பயப்பட வேண்டாம். செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில், குரோமை மூடினாலும் பின்னணியில் ஓடலாம் என்று ஒரு பட்டன் இருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள்.

நீலத் திரை வெறும் இணையப் பக்கம். முழுத்திரையாக விரித்து, பட்டனையெல்லாம் மறைத்துவிட்டு, ஒரு ஒலிப்பதிவை ஓட விடுகிறார்கள். எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் குரோமுக்கு எண்ட் டாஸ்க். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை ரீஸ்டோர் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே பக்கம்தான் வந்து நிற்கும். அப்பாவுக்கு ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: மைக்ரோசாஃப்ட் காட்டும் எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தால் அது அவர்கள் போட்டதில்லை.

இணையப் பக்கம் ஒன்றால் உங்கள் ஹார்டு டிஸ்கை ஸ்கேன் செய்ய முடியாது. அந்த ஓடும் பட்டை வெறும் படம். எக்ஸ்பி காலத்தில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ஆப்பிளின் மேக் கணினி வைத்திருப்பவருக்கும் விண்டோஸ் எக்ஸ்பியின் மை கம்ப்யூட்டர் படத்தைக் காட்டி, சி டிரைவில் வைரஸ் என்று சொல்லும்.

ஆனால் அந்தக் காலத்துச் சரக்கு நிஜமாகவே உள்ளே இறங்கும். 2008, 2009 வாக்கில் ஆன்டிவைரஸ் எக்ஸ்பி 2008, ஆன்டிவைரஸ் 2009, அப்புறம் செக்யூரிட்டி டூல், எல்லாமே போலி ஆன்டிவைரஸ். பிரவுசிங் சென்டர்காரர்கள் ஒரே நேரத்தில் நாலு சிபியு கொண்டுவந்து இறக்குவார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறக்க விடாது, எந்த .இஎக்ஸ்இ கோப்பை ஓட்டினாலும் 'இதிலும் வைரஸ்' என்று மூடும். ஓடுகிற கள்ளப் புரோகிராமை நிறுத்தும் ஆர்கில் என்ற சின்னக் கருவிக்கு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் கோப்புப் பெயரான ஐஎக்ஸ்ப்ளோர் என்று பெயர் மாற்றி ஓட்டுவோம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மட்டும் அது தடுக்காது. தடுத்தால் பணம் கட்டும் பக்கம் எப்படித் திறக்கும்? அந்த இடைவெளியில்தான் நாங்கள் பிழைத்தோம். அந்தச் சரக்கை விற்ற கம்பெனி ஒன்று பெலீஸ் நாட்டில் பதிவு செய்து உக்ரைனில் ஆபீஸ் வைத்திருந்தது. அமெரிக்காவின் எஃப்டிசி என்ற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது, 2012ல் பிரதிவாதி ஒருவர் 163 மில்லியன் டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அப்பா கேட்கும் ரூ.2,499 போன்ற காசில் சேர்ந்த தொகைதான் அது. கட்டினால் பெட்டி கொஞ்ச நாள் வாயை மூடியிருக்கும், அவ்வளவுதான்.

கிளீனருக்கு வருவோம். கண்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் போய் 'இன்ஸ்டால்டு ஆன்' என்ற தேதி வரிசையில் அடுக்குங்கள். சிட்டா தேடிய அன்றைக்கு என்னென்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். தனியாக வந்திருக்காது, ஒன்றிரண்டு உறவுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். 'போகாதே, 50 சதவீதம் தள்ளுபடி' என்று கெஞ்சும். அதில் பட்டன் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் நிதானமாகப் படித்து அழுத்துங்கள். பிறகு ஏடிடபிள்யூ கிளீனர் ஓட்டுங்கள். இந்த மாதிரி வேண்டாத புரோகிராம்களை நீக்க, மால்வேர்பைட்ஸ் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி இலவசமாகத் தருவது. அப்புறம் மால்வேர்பைட்ஸையே ஒரு ஸ்கேன். முதல் 14 நாள் பிரீமியம் என்று காட்டும், பிறகு தானே இலவசமாக மாறும், கார்டு நம்பர் கொடுக்க வேண்டியதில்லை. இவற்றைத் தேடும்போது கூகுளில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாமல் கம்பெனியின் சொந்தத் தளத்துக்கே போங்கள்.

கடைசியாக இரண்டு கேள்வி. ஃபார்மட்டைவிட இதுதான் முக்கியம். அப்பா எங்காவது கார்டு நம்பர் அடித்தாரா? போனில் பேசியவன், தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் என்று ஏதாவது ஏற்றச் சொன்னானா?

கோரையாற்றங்கரை:

அண்ணே, ரொம்ப நன்றி. நோட்டிஃபிகேஷன் பட்டியலில் பதினெட்டுத் தளம் இருந்தது! எல்லாவற்றையும் பிளாக் செய்துவிட்டேன், மூலையில் இப்போது சத்தமே இல்லை. நீலத் திரையும் வரவில்லை.

கிளீனர்தான் மசியவில்லை. கூடவே டிரைவர் அப்டேட்டர் என்று ஒன்றும், கேள்விப்படாத ஒரு பிரவுசரும் இருந்தன. மூன்றையும் எடுத்தேன். கணினியை மறுபடி போட்டால் கிளீனர் மட்டும் திரும்ப வந்து நிற்கிறது. குரோம் மெனுவுக்கு அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் எந்த ஆர்கனைசேஷனும் இல்லை, அம்மா மட்டும்தான். கூகுளில் ஏதாவது தேடினால் வேறு ஒரு தேடல் தளத்துக்குப் போகிறது.

உங்கள் கடைசிக் கேள்வியை அப்பாவிடம் கேட்டேன். எனிடெஸ்க் எதுவும் இல்லை என்றார். கார்டும் இல்லை என்றார். அம்மா நின்று பார்த்த பார்வையில் அப்புறம் ஒத்துக்கொண்டார். கிளீனர் கேட்ட இடத்தில் டெபிட் கார்டு நம்பர், தேதி, பின்னால் இருக்கும் மூன்று எண் எல்லாம் அடித்திருக்கிறார். ஓடிபி வரவில்லை, அதனால் பணம் போகவில்லை, அதனால் சொல்லவில்லை என்கிறார். நெல் போட்ட பணம் ஏறப்போவது அந்தக் கணக்கில்தான். என்ன செய்வது?

அரசலாறு:

மற்றதை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு இப்போதே கார்டை பிளாக் செய்யுங்கள் அம்மா. கும்பகோணத்தில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

ஓடிபி வராததால் தப்பித்தோம் என்று அப்பா நினைப்பது சரியில்லை. ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்பது நம் நாட்டுத் தளங்களுக்கு. வெளிநாட்டுத் தளம் கார்டு நம்பரையும் அந்த மூன்று எண்ணையும் வைத்தே ஓடிபி இல்லாமல் பணம் எடுக்க முடியும். 2020ல் ரிசர்வ் வங்கி உத்தரவு வந்த பிறகு கொடுத்த கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலில் அணைத்துத்தான் வரும், நாமே திறந்தால்தான் உண்டு. அப்பாவுடையது பழைய கார்டாக இருந்தாலோ, எப்போதாவது வங்கி ஆப்பில் எல்லாவற்றையும் ஆன் செய்திருந்தாலோ கதவு திறந்திருக்கலாம்.

கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணில் கூப்பிடுங்கள். கூகுளில் வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணைத் தேட வேண்டாம், அதிலும் போலி நிறைய. பிளாக் செய்ததும் தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தானே விவரத்தைக் கொடுத்திருந்தால் வங்கியில் சொல்லும்வரை போகும் பணம் அவர் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். ஒரு ரூபாய் போயிருந்தாலும் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

கணக்கு எண் அதேதான் இருக்கும், புதிய கார்டு மட்டும் வரும். நெல் பணம் வருவதில் எந்தத் தடையும் இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அவரைத் திட்டாதீர்கள். கிளைக்கு வந்து சொல்லக் கூச்சப்பட்டே ஒரு வாரம் தள்ளிப்போட்ட மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாமணியாறு:

அரசலாறு அக்கா சொன்னதை முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

கிளீனர் திரும்ப வருகிறது என்றால் எங்கோ ஒரு விதை இருக்கிறது. பெரும்பாலும், புரோகிராம்களை நேரம் குறித்துத் தானே ஓட வைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரை அடித்துத் திறந்து லைப்ரரியை அழுத்துங்கள். லாகான் ஆகும்போது ஓடு என்று வைத்திருப்பவற்றில் கிளீனரின் பெயரோ, அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் கலந்த பெயரோ இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து கீழே ஆக்ஷன்ஸ் பகுதியைப் பார்த்தால் எந்தக் கோப்பை ஓட்டுகிறது என்று தெரியும். ஆப்டேட்டா, டெம்ப் என்ற ஃபோல்டர்களுக்குப் போகும் பாதையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் கள்ளன் இல்லை, நல்ல புரோகிராம் சிலவும் ஆப்டேட்டாவில் குடியிருக்கும். தெரியாததை அழிப்பதைவிட டிசேபிள் செய்து ரீஸ்டார்ட் போட்டுப் பாருங்கள்.

நான் கடையில் பயன்படுத்துவது ஆட்டோரன்ஸ். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வருவது, மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். கணினி போட்டதும் ஓடுகிற எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் என்ட்ரிகளை மறைத்துவிட்டால் பட்டியல் சுருங்கும். இளஞ்சிவப்பில் இருப்பவை தயாரித்தவரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியாதவை, மஞ்சளில் இருப்பவை கோப்பே இல்லாமல் வெறும் பெயராக நிற்பவை. பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுத்தால் போதும். தவறாக எடுத்தாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

ஆர்கனைசேஷன் விஷயம்: ஆபீஸ்களில் கணினிப் பிரிவு எல்லாக் குரோமையும் ஒரே மாதிரி வைக்க பாலிசி என்று ஒரு வசதி உண்டு. ஆன்டிவைரஸ்களும் சில நேரம் அதைப் போடும். உங்கள் வீட்டில் போட்டது கிளீனரோடு வந்த ஆள். தேடல் தளத்தை மாற்றி, அதை நீங்கள் திருப்பி மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறது. ஏடிடபிள்யூ கிளீனரின் செட்டிங்ஸில் குரோம் பாலிசிகளை ரீசெட் செய்யும் தேர்வு ஒன்று இருக்கிறது, வழக்கமாக அணைத்தே இருக்கும். அதைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் நீங்கள் வைக்காததை எடுத்துவிட்டு, குரோம் செட்டிங்ஸை ரீசெட் கொடுங்கள். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அழியாது. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் பிராக்ஸி, அதாவது இணையத் தொடர்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் வசதி. 'யூஸ் எ பிராக்ஸி சர்வர்' ஆனில் இருந்தால் அணையுங்கள். வீட்டு இணைப்புக்கு அது தேவைப்படாது.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே தேடும். ஒளிந்திருப்பவன் எழும் முன் பிடிப்பதுதான் கணக்கு. கால் மணி நேரம் ஆகும். உங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் விட்டு மோட்டார்களெல்லாம் ஓடும் நேரத்தில் செய்யாதீர்கள், வோல்டேஜ் ஆடி நடுவில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்து.

பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், ஆனால் இந்தக் கணினி சுத்தமாகும்வரை கைபேசியில் மாற்றுங்கள். மெயிலில் தொடங்குங்கள்.

எனிடெஸ்க் வழியாக ஒருவன் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் நானே ஃபார்மட்தான் சொல்லியிருப்பேன், அவன் என்ன வைத்துவிட்டுப் போனான் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு இந்தி தெரியாதது நல்லதாகப் போயிற்று.

கோரையாற்றங்கரை:

கார்டை பிளாக் செய்தாயிற்று. நல்லவேளை, பணம் எதுவும் போகவில்லை. அரசலாறு அம்மாவுக்கு அப்பா வணக்கம் சொல்லச் சொன்னார்.

ஷெட்யூலரில் இருந்தது அண்ணே, எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர், ஆப்டேட்டாவைக் காட்டியது. டிசேபிள் செய்ததும் கிளீனர் வரவே இல்லை, பிறகு அழித்துவிட்டேன். பாலிசி ரீசெட் ஆனதும் அந்த ஆர்கனைசேஷன் வரியும் போய்விட்டது. ஆஃப்லைன் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இனி தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டது என்கிறார்களே?

குடமுருட்டி:

நான் ஃபார்மட்னு சொன்னதை யாரும் மனசில் வெச்சுக்காதீங்க. சிட்டாவுக்கு எந்தத் தளம் சரின்னும் சொல்லிடுங்க, எங்க வீட்டிலயும் இதே கூத்துதான்.

பாமணியாறு:

வாங்க வேண்டாம், டிஃபெண்டரே போதும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தப் பழைய ஐ3 தவழும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளத் திட்டம் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் இலவசம், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் பட்டன் தெரியும். டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாலாம் தலைமுறை ஐ3யில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. எவனாவது ஏற்றித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குடமுருட்டி, பட்டா சிட்டாவுக்குத் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளம். முகவரி டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்று முடிய வேண்டும். ஒருமுறை சரியாகத் திறந்து டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் போட்டு, 'சிட்டா' என்று தமிழிலேயே பெயர் வைத்துவிடுங்கள். எங்கள் கடைக்கு வரும் கணினிகளுக்கெல்லாம் இப்போது அதைப் போட்டுத்தான் அனுப்புகிறேன்.